அப்பா தலையாட்டிய நாள்

பத்தாவது வரை தமிழில் படித்த நான், ராஜபாளையத்தில் பிளஸ் ஒன்னுக்கு ஆங்கில வழியில் கணக்கு குரூப் எடுத்தேன். சந்தேகம் கேட்டால் கணக்கு வாத்தியார், "உட்காரு" என்பார். காலாண்டில் தோற்றதும் அப்பாவை வரச் சொன்னார்.

மில்லில் ஷிஃப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு வந்த அப்பாவிடம், இவளுக்குக் கணக்கு வராது, குரூப்பை மாற்றுங்கள் என்று முழுக்க ஆங்கிலத்திலேயே சொன்னார். அப்பா பணிவாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும், "அவிய என்னட்டி சொன்னாவ?" என்று கேட்டார்.

"இன்னும் நல்லாப் படிக்கணும்னு சொன்னாவப்பா."

புரியாமலே இரண்டு வருஷம் மனப்பாடம் செய்தேன். பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தோற்று, மறுபடி எழுதித்தான் தேறினேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு குரூப்பில் நிம்மதியாகப் படித்திருப்பேன். ஆனால், மகளுக்குக் கணக்கு வராது என்றதற்கா தலையாட்டினோம் என்று அப்பா நொந்துபோயிருப்பார்.