அக்கா ஏலத்தில் எடுத்த வண்டி

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் உண்டு. பூசணிக்காய், கேக், சேவல் என்று யார் எதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாலும், ஆராதனை முடிந்ததும் வாசல் பந்தலில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இல்லை, "மறுபடி வச்சுக்கங்க" என்று திருப்பியும் கொடுக்கலாம். ஒரே சேவல் மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் கை மாறி அசந்துபோய்விடும். தனக்கு வேண்டாத பொருளுக்கும் கையைத் தூக்கி விலையை ஏற்றிவிடுவது எங்கள் ஊர் பசுமலையில் பக்தியில் சேர்த்தி.

அப்படி ஒரு பண்டிகையில் அந்த கோல்ஃப் வண்டி ஏலத்துக்கு வந்தது. மலைமேல் ஏதோ ஒரு கிளப்பில் ஓடி ஓய்ந்தது. யாரோ புண்ணியவான் சபைக்கு தானமாகக் கொடுத்துவிட்டுப் போக, ஷெட்டில் கோழி அடைய உதவிக்கொண்டிருந்தது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். நான் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். இன்ஜினைக் கண்டால் கை சும்மா இருக்காது. பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். முன்வரிசையில் யாரோ அதற்கு மேலே கை தூக்கினார்கள். விடுவேனா? நானும் ஏற்றினேன். அந்த ஆளும் ஏற்றியது. கடைசியில் எரிச்சல் தாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏலம் முடிந்து எட்டிப் பார்த்தால், முன்வரிசையில் வண்டிக்குச் சொந்தக்காரியாக முழித்துக்கொண்டிருந்தவள் என் அக்கா. என்னோடு ஒரே வீட்டில், ஒரே குக்கரில் சாப்பிடுகிறவள்.

"பின்னால எவளோ விடாம ஏத்துறாளேன்னு நானும் ஏத்துனேன்டி. நீன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள்.

வழக்கப்படி திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம். இரண்டாம் தடவை ஒரு ஈ காக்கா கை தூக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு ஷெட்டில் விட்டார்கள்.

அக்கா மியூசிக் டீச்சர். எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். ஆர்கன் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பதால், பின்னால் ஆயர் கை காட்டுவது தெரிய, எதிரே ஆணியடித்து ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தாள். யார் லேட்டாக வருகிறார்கள், யார் பிரசங்கத்தில் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டோடு பரிமாறுவாள்.

ஏலத்துக்கு மறுவருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடந்தாள். சர்ச் கூப்பிடு தூரம்தான், ஆனால் மேடு. ஆட்டோவில் குனிந்து மடங்கி ஏற முடியவில்லை. சேரோடு தூக்கிப் போகிறோம் என்று சபைப் பையன்கள் வந்தார்கள். "என்னைய என்ன சப்பரத்துல வச்சா சுத்தப் போறீங்க?" என்று விரட்டிவிட்டாள்.

ஆர்கனுக்குப் பதில் ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். முதலில் ஞாயிறுதோறும் சர்ச் ஸ்பீக்கரில் வரும் பாட்டைக் கேட்டுவிட்டு, "பட்டனை அமுக்குனா தாளம் போடுது, அது ஒரு வாசிப்பா?" என்று திட்டுவாள். அப்புறம் திட்டுவதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் ஆள் அனுப்பி அந்தக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, சேலைகளுக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். இனி இவள் வாசல்படி தாண்ட மாட்டாள் என்று பயந்தேன்.

அன்றைக்குத்தான் ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தேன். தாழ்ந்த தளம், இரண்டு பக்கமும் திறப்பு, நீளமான சீட்டு. மடங்காமல், குனியாமல் அக்கா உட்காரலாம். வருகிற அறுப்பின் பண்டிகைக்குள் இதை ஓட வைப்பது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

இன்ஜினைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். இரண்டு தடவை ஸ்பேனரை வீசியெறிந்தேன். இரண்டு தடவையும் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட உட்கார்ந்திருந்த அக்கா, "நட்டெல்லாம் இப்படி இறைஞ்சு கெடந்தா எப்படிடி மாட்டுவ?" என்று இட்லித் தட்டை எடுத்து வரச் சொல்லி, குழிக்கு ஒரு வகையாகப் பிரித்து வைத்தாள். அதோடு இட்லி போச்சு, தோசைதான். சிலிண்டரைக் கோரிப்பாளையத்து லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய், "டீச்சர், பழைய பைக் பிஸ்டன் ஒண்ணு கச்சிதமா இருக்கும், கொண்டு போங்க" என்று எடுத்துக் கொடுத்தார். புது ரிங், புது கேஸ்கெட், கழுவித் துடைத்த கார்புரேட்டர். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

மேஜையிலிருந்து ஸ்டாண்டுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்தபோது, டபடபவென்று பற்றிக்கொண்டது. தெருவே புகை. "கொசு மருந்து வண்டி வந்துருச்சு" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை நான் திருகத் திருக, கண்ணை மூடிக் கேட்டு, "இன்னும் கொஞ்சம்... போதும், இப்ப சுருதி நிக்குது" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் இன்ஜினை வண்டியில் ஏற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுகிற லீவரை முன்னால் தள்ளினேன். சுற்றியது, பற்றவில்லை. பின்னால் தள்ளினேன். உடனே பற்றிக்கொண்டு வண்டி பின்பக்கமாக நகர்ந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போக இன்ஜினே எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் தீப்பொறியை நேரம் பார்த்து விடுகிற பாயின்ட்டும் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு. ஸ்டாண்டில் ஓடியது பின்பக்கத்துப் பாயின்ட்டில். ஓடிய குஷியில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்காமல் விட்டேன், முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவள்! முன்பக்கத்துப் பாயின்ட் கருகிக் கிடந்தது. பாய்க்கு போன் போட்டேன். "செவ்வாக்கெழமைக்கு வரவச்சுத் தாரேன் டீச்சர், இப்ப கைவசம் இல்லையே" என்றார்.

ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாக்கரைத் தட்டிக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

"என்னடி?"

"வண்டி பின்னாலதான் போகுது. நாளைக்கு ஒன்னையக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். எல்லாம் போச்சு."

அவள் வண்டியைப் பார்த்தாள். என் கரி பிடித்த கையைப் பார்த்தாள்.

"ஓட்டைச் சட்டியா இருந்தாலும் கொழுக்கட்டை வெந்தாச் சரி. பின்னால போனா சர்ச் வராதா?"

காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். எங்கள் காணிக்கை தோட்டத்து வாழைத்தார். வண்டியின் பின்தட்டில் அதை நிறுத்திக் கட்டியதும் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து நான் தவிக்க, "ஏய், பீரோவத் திற" என்றாள். சேலைகளுக்கு அடியிலிருந்து கண்ணாடி வெளியே வந்தது. அதைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆர்கன் பெஞ்சில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா. சோத்தாங்கைப் பக்கம் ஒடி. அம்புட்டுத்தான். நாய் வருது, நில்லு."

மேடு முழுக்கப் பின்பக்கமாகவே ஏறினோம். பின்னால் பார்த்தே வாழ்ந்த பிறவிக்கு இது ஒரு கஷ்டமா? சர்ச் வாசல் நெருங்க, எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அக்கா தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியிலேயே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே போனதும் வாக்கரோடு நேரே ஆர்கனிடம் போனாள். ஆணி அப்படியே இருந்தது. மாட்டினாள். கீபோர்டுப் பையன் மரியாதையாக எழுந்துகொண்டான்.

ஏலத்தில் எங்கள் தார் பல கை மாறிக் கடைசியில் யார் வீட்டுக்கோ போனது. "டீச்சர், வண்டியும் ஏலத்துக்கு உண்டா?" என்று ஏலம் விடுகிறவர் சீண்டினார். "கைய வச்சுப் பாருங்க" என்றாள் அக்கா.

புறப்படும்போது நான் கேட்டேன், "கண்ணாடிய எடுத்துட்டு வரட்டா? திரும்பவும் பின்னாலதான போகணும்."

"தாருதான் போயிருச்சே, நீயே திரும்பிப் பாத்து ஓட்டு" என்றாள். "கண்ணாடி ஆணியிலயே இருக்கட்டும்."

அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, பெட்ரோல் மூடியைச் சரிபார்ப்பதுபோல வண்டிக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதேன்.