மடக்கிய குடை

நோர்வூட்டில் தேயிலைத் தோட்டத் துரைமார் குடியிருந்த பங்களா இப்போது ஹோட்டல். நான் அங்கே வாச்சர். பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவம் படிக்கும் ஒல்லியான பெண் ஒருத்தி பயிற்சிக்கு வந்தாள். விருந்தாளிகளைக் காரிலிருந்து குடைபிடித்து அழைத்து வருவது அவள் வேலை. தினமும் காலையில் அந்தக் குடையை விரித்து மடக்கிப் பார்ப்பாள்.

ஒரு மழைநாளில் அவள் அப்பா வேலை செய்த தோட்டத்தின் பழைய துரை வந்திறங்கினார். அருகே போனதும் அவள் குடையை நிதானமாக மடக்கினாள்.

“ஏய், குடையைப் பிடி!”

“ஒங்க முன்னால குடை பிடிச்சாருன்னு எங்கப்பாவ மழையில நிப்பாட்டுனீங்களே தொரை. அதான் மடக்கிட்டேங்க.”

அவர் தொப்பலாக நனைந்தார். அவளும்தான்.

அன்றே பயிற்சியை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அப்போது மழை விட்டிருந்தது. வராந்தாவில் துரை பார்த்திருக்க, அவள் தன் குடையை விரித்துப் பிடித்தபடி நடந்தாள். வாகனங்களுக்கு மட்டும் திறக்கும் பெரிய கேட்டை அவளுக்காக அகலத் திறந்துவிட்டேன்.