நீலத் தொட்டிக்குள் போட்ட பத்திரிகை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பா அம்மா புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஆறாம் தளத்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் கறுப்பின மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். அம்மா வேலையால் வர ஆறு மணியாகும். பள்ளிக்கூடம் விட்டதும் அதுவரை நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். அப்பாவுக்கு இது தெரியாது. கறுப்பர் யாராவது லிஃப்டுக்குள் ஏறினால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மனிதர் அவர். அதைப் பாசம் என்றே நான் நம்பியிருந்தேன்.

மூதாட்டியின் தகப்பன் கரீபியன் தீவொன்றிலிருந்து வந்து, ரயிலில் படுக்கை விரிக்கும் வேலை செய்தவர். பயணிகளுக்குத் தலையணை தட்டிக் கொடுத்த நேரம் போக, சிறிய பத்திரிகை ஒன்றைத் தானே எழுதி அச்சடித்திருக்கிறார். அடிமைப்பட்ட நாடுகள் எல்லாம் விடுதலையாக வேண்டும், உழைக்கிறவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதியதற்காக வேலையும் போனது. அந்த இதழ்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மூதாட்டிக்குக் கண் மங்கிவிட்டதால் நான் வாசித்துக் காட்டுவேன். பாதிச் சொற்கள் வாயில் நுழையாது. இஞ்சி பிஸ்கட்டுக்காக வாசித்தேன் என்பதே உண்மை.

ஒரு மாரிகாலம் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போகும்போதும் மூதாட்டி அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசினார். வீட்டை ஒதுக்க வரும் மருமகன் அதைக் குப்பையில் போட்டுவிடுவான், நீ வைத்திரு என்றார். அம்மாவும் நானும் அதை இழுத்துவந்து என் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம்.

பனி கரைந்ததும் அப்பா ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் வீடு வாங்கினார். சாமான் கட்டும்போது பெட்டி அவர் கையில் அகப்பட்டது. மேலே கிடந்த இதழில் மூதாட்டியின் தகப்பனின் படம்.

“உது ஆரின்ரை? உந்தக் காப்பிலியின்ரை படம் என்னெண்டு என்ரை வீட்டுக்கை வந்தது?” என்றார். கறுப்பினத்தவர் எல்லாருக்கும் அப்பாவின் வாயில் அந்த ஒரே இழிசொல்தான்.

அம்மா என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் அடி விழும்.

“ஸ்கூல் ப்ரொஜெக்ட்டுக்கு எடுத்தனான் அப்பா. அது முடிஞ்சுது.”

“முடிஞ்சா கொண்டுபோய் எறி.”

நானே கீழே கொண்டுபோய், பழைய கடதாசி போடும் நீலத் தொட்டிக்குள் அள்ளி அள்ளிப் போட்டேன். ஒன்றையாவது ஒளித்துவைக்கத் தோன்றவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பிய சந்தோஷம்தான் இருந்தது.

புது வீட்டுக்கு ஒருநாள் மூதாட்டி போன் எடுத்தார். முதியோர் இல்லத்திலிருந்து பேசினார். பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். என்னை நல்ல பிள்ளை என்று சொல்லி அழுதார். அந்தக் கோடையிலேயே இறந்துபோனார்.

போன மாதம், மறக்கப்பட்ட கறுப்பினச் சிந்தனையாளர்களைப் பற்றி நூலகம் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். பேசிய இளம்பெண் மூதாட்டியின் தகப்பனுடைய பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய பத்திரிகையில் ஒரேயொரு தாள்தான் எஞ்சியிருக்கிறதாம். வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று சபையைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்தபின் அந்தத் தாளைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். சிலோன் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்களை அடிமைகளைப் போல வைத்திருக்கிறார்கள், அவர்களுக்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதே கட்டுரையை நான் மூதாட்டிக்கு வாசித்திருக்கிறேன். சிலோன் என்ற சொல்லில் தடக்குப்பட்டு, அது ஆபிரிக்காவிலா இருக்கிறது என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. அது அப்பா பிறந்த நாட்டின் பழைய பெயர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் முன்னால் அதை எடுத்து வாசித்திருப்பேனா என்றால், அதுவும் தெரியாது.