கொட்டச்சேட்டுப் பழப்பை

வியாழன் காலை 5.50 மணிக்குக் கோவையில் சேலம் பஸ் ஏறினேன். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துப் போவார்கள். என் பெட்டியில் அதோடு ஓர் அளவுநாடாவும் சின்னத் தொங்கு தராசும் இருந்தன. ஒரு பையை அளந்து பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அதில் குறை கண்டுபிடிக்கப் போகிறேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

வீட்டுச் சாமான்கள் செய்யும் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் வாளி, மக், அரிசி டப்பா போன்றவற்றுக்கு வடிவம் போடுவது என் வேலை. பக்கத்து நாற்காலியில் பதினோரு வருடம் இருந்தவள் ரெஜினா. இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, அவளுடைய அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த, ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள கொட்டச்சேட்டுக்கே திரும்பிவிட்டாள். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள அங்கே ஒரு பை செய்திருக்கிறாள். எங்கள் கம்பெனி அதை எடுத்துக்கொண்டால், மலையிலேயே இருந்து ஆள் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். எடுக்காவிட்டால் தை மாதம் பழைய நாற்காலிக்கே வந்துவிடுவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தாள். நேரில் பார்த்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டியவள் நான்.

சேலத்தில் பஸ் மாறி, அடிவாரத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் பனி ஏறி ஜன்னலை மூடிக்கொண்டது. ஏற்காட்டில் கொட்டச்சேடு பஸ் பிடித்தபோது மணி பன்னிரண்டரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் யார் வீட்டுக்குப் போகிறேன் என்று விசாரித்தார். ரெஜினா என்றேன்.

"பைக்காரம்மா ஊட்டுக்குங்களா?" என்றார். "சர்ச்சுக்குக் கீழதானுங்க, இறங்கையில சொல்றேன்."

பைக்காரம்மா. வடிவம் போட ஆரம்பித்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. நான் போட்ட மக் தமிழ்நாட்டில் எத்தனை குளியலறைகளில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இதுவரை என்னை ஒருவரும் மக்குக்காரம்மா என்று கூப்பிட்டதில்லை.

ரெஜினா வாசலில் நின்றிருந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள், அது அவளுக்கு நன்றாகவும் இருந்தது. "வாங்க கல்பனா, பஸ்ஸுல குமட்டலீங்களா?" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனதும் என் கண் வழக்கம்போல் கைப்பிடிகளையும் மூடிகளையும் தேடியது.

டிசம்பர் பனியில் இங்கே துணி மூன்று நாளானாலும் காயாது. ரெஜினா அடுப்புக்கு மேலே மூங்கில் சட்டம் ஒன்றைக் கப்பியில் தொங்கவிட்டிருந்தாள். கயிற்றைத் தளர்த்தினால் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. துணியைப் போட்டுவிட்டு இழுத்தால் கூரைக்கு அடியில் தேங்கும் சூட்டுக்குப் போய்விடுகிறது. கயிறு நழுவாமல் இருக்கச் சுவரில் அடித்திருந்தது அந்தக் காலத்தில் மின்கம்பி ஓட்டிய பீங்கான் குமிழ் ஒன்று. வேறெதையும் அங்கே நினைத்துப் பார்க்க முடியாதபடி அது பொருந்தியிருந்தது. நான்கு தடவை மேலே ஏற்றி இறக்கினேன். நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. புகை நாற்றம் பிடிக்காதா என்று கேட்டேன்.

"பிடிக்கும். ஈர நாத்தத்துக்கு அது தேவலைங்க" என்றாள்.

குளியலறையில் என் மக் இருந்தது. நான் போட்ட வடிவம், நீல நிறம். கைப்பிடியின் மேல்முனையில் ஒரு சின்னத் துளை. கைப்பிடி உள்ளே கூடானது. தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, நாளடைவில் பாசி பிடிக்கும். கம்பெனிக்கு இதைப் பற்றிப் புகார்கள் வந்ததுண்டு. ஆணியைச் சுட்டு ஒரு துளை போட்டு அதைத் தலைகீழாக மாட்டியிருந்தாள், அவ்வளவுதான். அன்று குளித்து முடிக்க எனக்கு அதிக நேரம் ஆயிற்று.

மாலையில் பையை மேசைமேல் வைத்தாள். அளந்தேன், நிறுத்தேன். காலியாக முந்நூற்று நாற்பது கிராம். தார்ப்பாய்த் துணி, இங்கே வழக்கமாகக் கட்டும் சாக்குபோல் நனைந்து கனக்காது. வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க விளிம்புக்குள் உடைந்த குடையின் கம்பி. இடுப்புப் பட்டை, சேலத்தில் பழைய வண்டி உடைக்கும் கடையில் வாங்கிய சீட் பெல்ட். அடிப்பாகம் சட்டைக்கைபோல் நீண்டு, முன்பக்கமாக மேலே மடிந்து, ஒரு மரமுளையில் நிற்கிறது. முளையை உருவினால் பழம் முழுதும் சாக்குக்குள் கொட்டிவிடும். அவிழ்த்துக் கவிழ்க்க வேண்டியதில்லை. முளை, கவாத்தில் வெட்டிய காப்பிக் கிளையிலிருந்து செதுக்கியது; பிடித்து உருவ அதில் ஒரு கயிறு. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை.

முன்புறத்தில் உள்ளங்கை அளவு ஒரு சின்னப் பை தைத்திருந்தது. பழம் பறிக்கும்போது தப்பித்தவறிப் பச்சைக் காயும் கையோடு வந்துவிடும். சாயங்காலம் எல்லாவற்றையும் படுதாவில் கொட்டி, குளிரில் உட்கார்ந்து காயைப் பொறுக்க வேண்டும். காய் வந்த அந்த நொடியே அதைச் சின்னப் பையில் போட்டுவிட்டால் பொறுக்கும் வேலையே இல்லை. நான் வாளிக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் இவள் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குத் தினம் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

வெள்ளி காலை 8.15க்கு இருவரும் தோட்டத்துக்குப் போனோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் காப்பி. எல்லாப் பெண்களும் ரெஜினாவின் பையைக் கட்டியிருந்தார்கள். எனக்கும் ஒன்று கட்டிவிட்டாள். பறிக்கப் பறிக்க, பச்சைக் காய்களைச் சின்னப் பையில் போடுவதில் ஒரு சுகம் இருந்தது. பத்து மணிக்கு நூல் வாங்க ரெஜினா ஏற்காட்டுக்குக் கிளம்பினாள். அவள் தலை மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்ததும் பெண்கள் அத்தனை பேரும் பட்டையை அவிழ்த்து, பையை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிக்கொண்டார்கள். தினசரிப் பழக்கம் என்பது தெரிந்தது.

எனக்குப் புரியவில்லை. புரிவதற்கும் அதிக நேரம் ஆகவில்லை. சரிவில் ஒரு கிளையை வளைத்தேன், அது முளையின் கயிற்றைக் கவ்விக்கொண்டது. நான் நகர்ந்தேன், முளை வரவில்லை. அத்தனை பழமும் சரிவில் உருண்டது.

"ஏனுங்க, மரத்துக்கே திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்த சரோஜா. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வந்து பொறுக்கியும் கொடுத்தார்கள். முளை முன்பக்கம் இருந்தால் கிளை பிடித்து இழுத்துவிடுகிறது, அதனால் திருப்பிக் கட்டுகிறார்கள். திருப்பினால் சின்னப் பை வயிற்றோடு ஒட்டிக்கொள்கிறது, கை போகாது. அதனால் பச்சைக் காயைச் சேலை மடியில் போட்டுக்கொண்டு, ரெஜினா வருகிற நேரம் பார்த்துப் பையைத் திருப்பி, காயையும் சின்னப் பையில் நிரப்பிவைத்துவிடுகிறார்கள்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படீங்க சொல்றது? எங்களுக்காவ நொம்ப பாடுபட்டுத் தெச்சுருக்குது. நல்லாருக்குதான்னு கேக்கையில அது மூஞ்சியப் பாத்தா வாய் வருமுங்களா?" என்றாள் சரோஜா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களும் சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

தேடி வந்தது கிடைத்துவிட்டது. தோட்டத்தில் கட்டுகிறவர்களே தைத்தபடி கட்டுவதில்லை என்று எழுதினால் போதும், முதலாளி அடுத்த வரியைப் படிக்க மாட்டார். அதில் ஓர் எழுத்தும் பொய் இருக்காது. தையில் ரெஜினா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சோப்பு டப்பாவுக்கு மூடி போடுவாள். அன்று பகல் முழுவதும் பையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு நானும் பறித்தேன். மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மணிக்கு மேட்டில் ரெஜினாவின் குடை தெரிந்தது. பெண்கள் பைகளைத் திருப்பினார்கள். வந்தவள் ஒவ்வொருவரிடமும் நின்று, சின்னப் பைக்குள் விரலை விட்டுப் பச்சைக் காய்களைத் தடவிப் பார்த்தாள். சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

சனி காலை, பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில், நேற்று பழத்தைக் கொட்டிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். சரோஜாவின் பெயரை எடுக்கவில்லை. முளையைக் கிளை இழுத்துவிட்டது, அதனால் திருப்பிக் கட்டினேன், திருப்பினால் சின்னப் பைக்குக் கை போகவில்லை என்றேன். அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நிமிடமாவது வாட வேண்டும் என்று விரும்பினேன் என்பதுதான் சரி.

ரெஜினா பையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா" என்றாள். "ரெண்டு சீசனா அல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னே சொல்லி என்னைக் கொன்னுட்டாங்க கல்பனா." முளை செருகும் காதுகளைக் கத்தரியால் பிரித்து, அடியைப் பின்பக்கமாக மடித்துத் தைத்தாள். பதினைந்து நிமிட வேலை. முளை உடம்புப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது; முன்பக்கத்தில் சின்னப் பை மட்டும். முன்பு அழகாக இருந்தது. இப்போது வேறு எப்படியும் இருக்க முடியாது என்பதுபோல் இருந்தது.

குறை கேட்டு ஒருத்திக்கு முகம் மலர முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். என் மக்குக்கு வந்த புகார்களுக்கு நான் எழுதிய பதில்கள் அலுவலகத்தில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மாட்டுகிறவர்கள் சரியாக மாட்டுவதில்லை என்றே எழுதியிருக்கிறேன். பையின்மேல் இருந்த பொறாமையைப் பஸ் ஏறும்போது கொட்டச்சேட்டிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அது என்னோடுதான் ஏறியது. ஆனால் இப்போது அது பையின்மேல் இல்லை, அந்த "அப்பாடா"வின்மேல் இருந்தது.

கோவைக்குப் போனால் மனம் மாறிவிடும் என்று பயந்து, ஏற்காட்டு பஸ் நிலையத்திலேயே முதலாளிக்கு "வேண்டும்" என்று செய்தி அனுப்பினேன். திருத்திய பையின் படத்தையும் சேர்த்தேன். பஸ் இறங்கத் தொடங்கியதும் பதில் வந்தது. ரெஜினா முன்பு அனுப்பிய படத்திலிருந்து இது மாறியிருக்கிறதே, நீங்கள் மாற்றியதா, அப்படியானால் உங்கள் பெயரையும் போட்டுவிடலாம் என்று கேட்டிருந்தார்.

பதினாறாவது வளைவில் "ஆமாம்" என்று எழுதி அழித்தேன். பதினொன்றில் "நானும் ரெஜினாவும்" என்று எழுதினேன்; சிக்னல் இல்லாததால் போகவில்லை. ஆறாவது வளைவில் அதையும் அழித்தேன். பனி விலகி, கீழே சேலம் வெயிலில் தெரிந்தது. அடிவாரத்தில் பஸ் நின்றபோது, "இல்லை. பறிக்கிற பெண்கள் மாற்றினார்கள். தைத்தது ரெஜினா" என்று எழுதி, படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.