கம்ப்யூட்டரம்மாவின் கப்பல் ஆட்டம்

எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்ணூர் சாலையிலிருந்து உள்ளே வந்த லாரியிலிருந்து, மேஸ்திரியும் அவருடைய லோடுமேன்களும் பெரிய மரப்பெட்டிகளைக் கயிறு கட்டி, பச்சைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்கள். நான் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு பெட்டியாவது கைநழுவி விழாதா என்று மனம் ஏங்கியது. அது எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு நாற்பத்தொரு வயது. ராயபுரத்தில் வாடகை வீடு, மூன்று பெண் பிள்ளைகள். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு உதிரி பாகத்துக்கும் ஓர் அட்டை உண்டு. எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று அதில் எழுதுவதுதான் பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. இனி அந்த வேலையைப் பெட்டி செய்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு.

பெட்டியோடு ஒரு பெண்ணும் வந்தார். வியாசர்பாடிக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகள், கணக்கில் பட்டம் வாங்கியவர், வயது இருபத்தைந்து இருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புரோகிராமர் என்ற சொல் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவர் கம்ப்யூட்டரம்மா ஆனார். தினமும் என் அட்டைகளை வாங்கிக்கொண்டு போய் இயந்திரத்துக்குள் ஏற்றுவார். “அண்ணே, இந்த வால்வு கணக்கு இன்னா இப்டி கீது?” என்று அவர் கேட்டால், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவு படித்த பெண் இப்படிப் பேசலாமா என்று அவர்களுக்கு. அவர் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

இயந்திரத்தைப் பொருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியர் திரும்பிப் போகும்போது ஒரு சுருள் காகிதத்தை விட்டுச் சென்றிருந்தார். அவர் நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் கம்ப்யூட்டரில் விளையாடும் ஆட்டமாம். நம் பெயரைக் கொடுத்தால் இயந்திரம் நம்மை ஒரு வீரனாக்கி, பாதாளத்துக்குள் அனுப்பி, அரக்கர்களோடு சண்டை போட வைக்கும். கம்ப்யூட்டரம்மா அதைப் படித்துப் பார்த்தார். வாளும் கேடயமும் நம்ம ஆளுங்களுக்கு எதற்கு என்று, மதிய உணவு வேளைகளில் உட்கார்ந்து அதை முழுக்க மாற்றி எழுதினார். அவருடைய ஆட்டத்தில் நாம் மீனவராகவோ, லோடுமேனாகவோ, ரயில் இன்ஜினில் கரி தள்ளுகிறவராகவோ இருக்கலாம். பலம், தைரியம், சாமர்த்தியம் மூன்றுக்கும் இயந்திரம் நமக்கு எண் கொடுக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் தரைதட்டிய ஒரு பழைய கப்பலுக்குள் அறை அறையாக இறங்கி, அடித்தளத்தில் இருக்கும் வெண்கல மணியை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும்.

அப்போது திரை எல்லாம் இல்லை. தட்டெழுத்து இயந்திரம் போன்ற ஒன்று கடகடவென்று காகிதத்தில் அடித்துக் கேட்கும், நாம் விசையைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் பேசியது எங்கள் தமிழ். ‘இன்னாபா, உள்ள போறியா, இல்ல பயந்துகினு நிக்கிறியா?’ என்று அது முதல்முறை கேட்டபோது மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். “இது நம்ம பேட்டைப் பொட்டிடா டோய்!” என்று அவர் சொன்னது அன்றே கேன்டீன் முழுவதும் பரவியது. எழுத்து தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் அறை வாசலில் வரிசை நிற்கும். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஆயுத பூஜையன்று குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். என் கடைசி மகள் கையைப் பிடித்து இழுத்ததால் போனேன். கம்ப்யூட்டரம்மா நாற்காலியை நகர்த்தி, “ஒக்காருண்ணே, ஒரு தபா ஆடிப் பாரு” என்றார். என் பெயரையே கொடுத்தேன். பலம் குறைவு, தைரியம் அதைவிடக் குறைவு. மூன்றாவது அறையில் பாய்லர் பூதம் வந்தது. ஓடவும் தெரியவில்லை, அடிக்கவும் தெரியவில்லை. இயந்திரம் ஒரு வரி அடித்து நின்றது. என் மகள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“உன் கத முடிஞ்சிப் போச்சு. வூட்டுக்குப் போ.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டத்தில் தோற்ற எல்லோருக்கும் அதே வரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், என் மகளின் வாயால், என் மனைவிக்கு முன்னால், இத்தனை மாதமாக நான் பயந்துகொண்டிருந்த வார்த்தையை அந்தப் பெட்டி சொன்னது. 

மறுநாள் நான் செய்ததை எழுத இப்போதும் கூசுகிறது. மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். கம்பெனி காகிதத்தை விளையாட்டில் வீணடிக்கிறார்கள், ஒரே வாரத்தில் 177 பக்கம் போயிருக்கிறது என்று எழுதினேன். காகிதம் ஸ்டோர்ஸிலிருந்துதானே போகிறது, அதனால் எனக்குக் கணக்குத் தெரியும். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். மூன்றாம் நாள் மேனேஜர் கம்ப்யூட்டரம்மாவை அழைத்து, கடிதத்தை மேசையில் போட்டு விளக்கம் கேட்டார். ஆட்டத்தை அழிக்கச் சொல்லிவிட்டார். அந்த மாதம் நிரந்தரமாக வேண்டிய அவருடைய வேலை ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போனது. “எவன்டா அந்தக் கலீஜுப் புடிச்சவன்?” என்று மேஸ்திரி கேன்டீனில் கத்தியபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

ஒரு வாரம் கழித்து கம்ப்யூட்டரம்மா ஸ்டோர்ஸுக்கு வந்து ஒரு தடித்த நோட்டை என் மேசைமேல் வைத்தார். ஆட்டம் முழுவதையும் கையால் எழுதியிருந்தார். பக்கத்துக்கு ஓர் அறை.

“மெஷின்லதாண்ணே ஆடக் கூடாதுன்னாங்க. கேன்டீன்ல ஆடக் கூடாதுன்னு யாரும் சொல்லல. இத்தப் படிச்சிச் சொல்ல நிதானமா ஒரு ஆளு வோணும். நீதான் மெஷினு.”

நோட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்த நாளிலிருந்து மதியம் அரை மணி நேரம் கேன்டீன் மூலை மேசையில் நான் இயந்திரம். எண்களுக்குத் தாயக்கட்டை உருட்டினோம். விளக்கு கையில் இருந்தால் பன்னிரண்டாம் பக்கம், இல்லையென்றால் ஏழாம் பக்கம் என்று நோட்டு சொன்னபடி புரட்டுவேன். இரண்டு வாரம் புரட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெரிய பெட்டி செய்வதும் இவ்வளவுதான். இருக்கிறதா என்று பார்க்கிறது, இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி. பதினெட்டு வருடமாக என் அட்டைகளோடு நான் செய்ததும் அதுவேதான். மாதக்கணக்காக இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

ஒருநாள் மேஸ்திரி ஆடினார். அவருக்கு முட்டி தேய்ந்து, மூட்டை தூக்குவதே சிரமமாகிவிட்டிருந்த காலம். கிரேன் வரப்போகிறது என்ற பேச்சும் இருந்தது. பாய்லர் அறையில் அவர் உருட்டிய தாயம் கைவிட்டது. நான் பக்கத்தைப் புரட்டினேன். அந்த வரி இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். மேஸ்திரி சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் ஒரு கை முட்டியைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் படிக்க முடியவில்லை. “இன்னொரு பேரு சொல்லு மேஸ்திரி. மறுபடி வா” என்றேன்.

மறுநாள் நோட்டைத் திறந்தால் பழைய வரி அடிக்கப்பட்டு, நான் சொன்ன வார்த்தைகள் கம்ப்யூட்டரம்மாவின் கையெழுத்தில் இருந்தன.

அந்த ஆண்டு முடிவதற்குள் அட்டை முறையை எடுத்துவிட்டார்கள். ஸ்டோர்ஸ் குமாஸ்தாக்களில் இரண்டு பேரை வெளியூர் கிடங்குக்கு மாற்றினார்கள். பட்டியலில் முதலில் என் பெயர்தான் இருந்ததாம். இவர் கம்ப்யூட்டர் அறைக்கு வேண்டும், இவரைப்போல் நுணுக்கமாக விவரம் எழுதுகிறவர் இல்லை என்று கம்ப்யூட்டரம்மா மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறார். செய்தி தெரிந்ததும் நேரே அவரிடம் போனேன். எங்கள் மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிடும்போதுகூட எனக்கு அப்படி நாக்கு உலர்ந்ததில்லை.

“அம்மா, அந்தக் கடுதாசி எழுதினது நான்தான்.”

“தெரியும்ணே” என்றார், கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நீ ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்ப. டெய்லி உன் அட்டையத்தானே பார்க்கிறேன்? இடது கையில எழுதியும் அந்தக் கோட்ட வுடலியே நீ.”

“தெரிஞ்சுமா நோட்ட என்கிட்ட குடுத்தீங்க?”

அப்போதுதான் நிமிர்ந்தார். “அந்த வரிய எழுதினவ நானு. உன் பொண்ணு படிச்சப்போ உன் மூஞ்சியப் பார்த்தேண்ணே. அன்னிக்கு எனக்கும் தூக்கம் வரல.”

அங்கிருந்து நான் என் இடத்துக்குத் திரும்பவில்லை. மேனேஜர் அறைக்குப் போய், கடிதம் என்னுடையது, அதைப் பொறாமையில் எழுதினேன், கம்ப்யூட்டரம்மா உணவு வேளையைத் தவிர வேறு நேரத்தில் ஆட்டத்தைத் தொட்டதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மேனேஜர் என்னை நெடுநேரம் திட்டினார். என்னைக் கண்டித்து ஒரு மெமோ வந்தது. கம்ப்யூட்டர் அறை வேலை கையைவிட்டுப் போய்விடும் என்றே நினைத்தேன், போகவில்லை. அடுத்த மாதமே கம்ப்யூட்டரம்மாவின் வேலை நிரந்தரமானது. விஷயம் தெரிந்த மேஸ்திரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தாயக்கட்டையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டரம்மா சில வருடங்களில் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டார். நான் அந்த அறையிலேயே பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன், மூன்று பெண்களையும் படிக்க வைத்தேன். ஓய்வு பெறும் நாளில் பணியாளர் பிரிவு அதிகாரி என் கோப்பைப் புரட்டி, முப்பத்தைந்து வருடச் சேவையில் இந்த மெமோ ஒன்றுதான் கறை, வேண்டுமானால் எடுத்துப் போட்டுவிடட்டுமா என்று பரிவோடு கேட்டார். வேண்டாம் சார் என்று சொல்லி, ஒரு நகல் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சேவைச் சான்றிதழை என் மனைவி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மெமோ என் பைபிளுக்குள் இருக்கிறது.