ஆரோன் விளக்கை அணைத்தபோது

ஆரோன் சோமனூரில் என்னோடு பதினெட்டு வருஷம் விசைத்தறி ஓட்டியவன். தறிச் சத்தத்தில் காது பாதி மந்தமாகிப் போனது. இப்போது கோயமுத்தூரில் கிளாடிஸ் டாக்டர் நடத்தும் நாய், பூனை ஆஸ்பத்திரியில் வேலை. எந்த நாய் குரைத்தாலும் பதறமாட்டான். அவன் பதறாததால் நாயும் அடங்கிவிடும்.

நான் பூனைக்காரன் இல்லை. வீட்டுப் பூனை என் மகள் பூஜிதாவுடையது. அதன் முதுகில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. சம்சாரம் பார்த்துவிட்டு, "இது படைங்க. புள்ளைக்குத் தொத்திக்கும். ஆனைமலைப் பக்கம் உட்டுப்போட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். பூஜிதா சோறு தின்னவில்லை. தறியை நிறுத்திவிட்டு, பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆரோன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் ஊதா விளக்கு ஒன்றைக் கையில் எடுத்தார். ஆரோன் அறை விளக்கை அணைத்தான்.

இருட்டில் பூனையின் முதுகெல்லாம் நீலவெள்ளையாக மின்னியது. ஆகாசத்தின் ஒரு துண்டு மேசைமேல் சுருண்டு மூச்சு விடுவதுபோல இருந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"படைதானுங்களா?"

ஆரோன் சிரித்தான். "உன்ற கையப் பாரப்பா."

என் விரல், மீசை, சட்டை மடிப்பு எல்லாம் அதே வெளிச்சம். துகள்கள் மெல்ல மிதந்தன. தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"வெள்ளை நூல் பஞ்சு. நூலை வெளுக்கற மருந்து மின்னுது. உன்ற பூன தறிக்கு அடியிலதான தூங்குது?"

"படைன்னா முடியோட ஒட்டிப் பச்சையா மின்னுங்க," என்றார் டாக்டர். "ஆனா மின்னலைன்னா இல்லைன்னும் சொல்ல முடியாது. அது ஒரு பூஞ்சை. முடிய எடுத்து வெச்சு, மொளைக்குதான்னு ரெண்டு வாரம் பாக்கோணும்."

ஆரோன் விளக்கைப் போட்டான். கண்ணை மூடிப் பூனையின் வாலடியில் விரல் ஓட்டினான். ஓடுகிற தறியில் இழை அறுந்ததை விரலால் கண்டுபிடிக்கிறவன் அவன். பிறகு சீப்பால் வாரி, ஈரத்தாளில் தட்டினான். கறுப்புப் பொடி சிவப்பாக ஊறியது.

"தெள்ளுப்பூச்சி. அது குடிச்ச ரத்தந்தான் இந்தப் பொடி."

"தெள்ளு கடிச்சா இதுக்கு ஒத்துக்கலீங்க," என்றார் டாக்டர். "அரிப்புல நக்கியே முடிய எடுத்துருக்குது." பிடரியில் மருந்து சொட்டினார். "பாய், போர்வையெல்லாம் சுடுதண்ணியில அலசுங்க. தறிக்கூடத்தையும் சுத்தமாக் கூட்டோணும்."

"வைத்தியம் பூனைக்கா, எனக்கா?"

"உனக்குத்தான். குளிச்சு எத்தன நாளாச்சு?" என்றான் ஆரோன்.

முடிவு தெரியும்வரை பூனை தனி அறையில் இருக்கட்டும் என்று சம்சாரம் ஒத்துக்கொண்டாள். படையாக இருந்தால் ஆனைமலைதான் என்பதில் மாற்றமில்லை. பூஜிதா மூடிய கதவோடு பேசியபடியே தூங்கிப்போவாள்.

பதினைந்தாம் நாள் ஆரோன் தறிக்கூடத்துக்கே வந்தான். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். உதடு அசைந்தது: ஒண்ணும் மொளைக்கல.

வீட்டில் போய்ச் சொன்னேன். சம்சாரம் தாழ்ப்பாளை எடுத்தாள். முதுகில் புதுமுடி அரும்பத் தூங்கிக்கொண்டிருந்தது பூனை. பூஜிதா அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.