ரத்தத்தோடு கொடுக்க முடியாதது

ஜெரோம் அண்ணா, உன் டாக்டரம்மாவை என்னால் மறக்கவே முடியவில்லை. ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

டி.பி. மாத்திரை தின்று உனக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது, குடித்து ஈரலைக் கெடுத்துவிட்டான் என்று குளச்சல் முழுக்கப் பேச்சு. நீயோ ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி வார்டில் டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

"குடியில்ல மக்கா. மருந்துக்க நஞ்ச முறிக்க ஒடம்புல ஒரு என்சைம் உண்டு. அத உண்டாக்குற ஜீன் இவனுக்குப் பொறவியிலேயே மந்தம்."

நான் படித்தது எட்டாம் வகுப்பு. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினேன்.

"எனக்க ரெத்தத்துலேருந்து எடுத்து அவனுக்கு ஏத்துங்க டாக்டரே. நான் கடல்ல வள்ளம் தள்ளுற ஆளாக்கும். எனக்க ஜீனு நல்லா ஓடும்."

"ரெத்தத்துல அத ஏத்த முடியாதுப்பா. நீங்க ரெண்டுபேரும் ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்கல்லா. உனக்கும் மந்தமா இருக்கலாம்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பயில்வான் போல நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் சட்டைக் கையை அவரே மெல்ல இறக்கிவிட்டார். வார்டு நிறைய நோயாளிகள் காத்திருக்க, அதை ஏன் செய்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரமே நீ போய்விட்டாய். இதைப் படிக்கிறவர்களே, குடித்துச் செத்தவன் என்று நினைக்காமல், எங்கள் ஜெரோமுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள்.